மூணு மாச மளிகையை வீட்டில் வைக்கணும்: வண்டும் வெள்ளமும் அண்டாம எப்படி வைக்கிறது?

#1 முடிச்சூர் மீனா | 20 ஜனவரி 2024

எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் முடிச்சூர்ல தரைத்தளத்துல இருக்கோம். மாமனார், மாமியார், நாங்க ரெண்டு பேர், ரெண்டு பிள்ளைங்க, ஆக ஆறு பேர்.

டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ அடுப்படிக்குள்ள முழங்கால் அளவு தண்ணி நின்னுச்சு. கீழ்த்தட்டுல பிரிக்காத 26 கிலோ அரிசி மூட்டை இருந்தது. மாமனாரைத் தூக்கிப் பக்கத்து வீட்டு மாடியில விடுறதுக்கே நேரம் சரியா இருந்தது, மூட்டையை யாரு பார்த்தா? தண்ணி வடிஞ்ச பிறகு அதுல கை வச்சேன். வெளியில சில்லுன்னு இருக்கு, நடுவுல கையை விட்டா அடுப்புல வச்ச மாதிரி சூடு. புளிச்ச வாடை வேற. அப்படியே தெருவுல கொண்டு போய்க் கொட்டினோம். அன்னைக்கு மாமியார் அழுததை இன்னும் மறக்க முடியல.

அதைவிட ஒண்ணு. மேல் தட்டுல இட்லி அரிசியும் உளுந்தும் நனையாமத்தான் இருந்தது. நாலு நாள் கரண்ட் இல்ல. கிரைண்டர் ஓடாம அதை வச்சு என்ன பண்றது? பரண்ல கிருஷ்ண ஜெயந்திக்கு வாங்கின அவல் ரெண்டு கிலோ மிச்சம் இருந்தது. அதுவும் வெல்லமும்தான் பிள்ளைங்களுக்கு முதல் ரெண்டு நாள் சாப்பாடு.

இனி வீட்டுல எப்பவும் மூணு மாசச் சாமான் இருக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா போன வருஷம் பச்சைப்பயறு அஞ்சு கிலோ மொத்தமா வாங்கி, ரெண்டு மாசத்துல எல்லாம் ஓட்டை ஓட்டையா ஆகிப் போச்சு. மூடி இறுக்கமான டப்பாதான். உள்ள எப்படி வண்டு போச்சுன்னே புரியல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

#2 அரிசிமண்டி செல்வம் | 20 ஜனவரி 2024

வண்டு வெளியில இருந்து உள்ள போகலம்மா. உள்ளயேதான் இருந்தது.

அரிசி வண்டு மணியில ஓட்டை போட்டு, உள்ள முட்டை வச்சு, அந்த ஓட்டையைப் பிசின் மாதிரி ஒண்ணால அடைச்சிடும். வெளிப்பார்வைக்கு மணி முழுசாத் தெரியும். புழு உள்ளயே தின்னு வளந்து ஒரு மாசம் போல ஆனதும் வண்டா வெளிய வரும். நீங்க வாங்கும்போது ஒரு வண்டு கூட கண்ணுல பட்டிருக்காது, அது உண்மைதான். அதனால டப்பா மூடி எவ்வளவு இறுக்கம்ங்கிறதை விட, உள்ள போடுறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்கங்கிறதுதான் விஷயம்.

அரிசிக்கு நான் வாடிக்கைக்காரங்க கிட்ட சொல்றது: மூட்டையை ஒரு ராத்திரி கூட வெறும் தரையில வைக்காதீங்க. சிமெண்ட் தரை ஈரம் இழுத்துக் கொடுக்கும். பலகை போட்டு, சுவரை ஒட்டாம ஒரு சாண் தள்ளி வைங்க. அரிசியை மொட்டை வெயில்ல கொட்டாதீங்க, மணி வெடிச்சு சமைக்கும்போது நொய்யாப் போயிடும். நிழல்ல ஃபேன் காத்துல ஒரு பகல் ஆறவிட்டாப் போதும்.

பச்சரிசி, புழுங்கல் ரெண்டுல புழுங்கல்தான் தாங்கும். கைக்குத்தல், பாலிஷ் போடாதது எல்லாம் தவிட்டுல எண்ணெய் இருக்கிறதால சிக்கு வாடை வந்திடும். அதை மாசத்துக்கு வேணுங்கிறது மட்டும் வாங்குங்க. நல்ல புழுங்கல் பழசாகப் பழசாக உதிரியா வரும், ஒரு படிக்குச் சோறும் கூடக் காணும்.

26 கிலோ மூட்டை ஏன்னு நிறைய பேர் கேக்கறாங்க. 2022 ஜூலையில 25 கிலோ வரைக்கும் பேர் போட்டுக் கட்டின அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதைத் தாண்டினா வரி இல்ல. அதான் ஒரு கிலோ கூட.

#3 ஆறாம் மாடி | 20 ஜனவரி 2024

கஷ்டத்துக்கு வருத்தப்படுறேன் மீனா. ஆனா ஒண்ணு கேக்கணும். எங்க வீடு 600 சதுர அடி. பத்து நிமிஷத்துல வீட்டு வாசல்ல சாமான் கொண்டு வந்து கொடுக்கிற காலத்துல மூணு மாசச் சாமானை வாங்கி, காயவச்சு, காவல் காக்கணுமா? வேலைக்குப் போற பொம்பளைங்க தலையிலதான் இதுவும் விடியும்.

#4 முடிச்சூர் மீனா | 21 ஜனவரி 2024

நானும் வேலைக்குத்தான் போறேன் ஆறாம் மாடி. நீங்க சொல்ற சிரமம் தெரியும். ஆனா அந்த நாலு நாள் பத்து நிமிஷக்காரங்க யாரும் வரல, அவங்களாலயும் வர முடியாது, பாவம் அவங்க வண்டியும் தண்ணியிலதான் நின்னுது. பால் பாக்கெட்டுக்கு அவர் இடுப்பளவு தண்ணியில நடந்து போய் வெறுங்கையோட வந்தாரு. 2015லயும் இதே கதைதான் எங்க ஏரியாவுல.

வேலையை வீட்டுல எல்லாரும் பங்கு போட்டுக்கணும்ங்கிறதுல உங்க பக்கம்தான் நான்.

#5 காவேரிக்கரை அம்மா | 21 ஜனவரி 2024

மீனாக்கண்ணு, எனக்கு 71 வயசு. திருவையாறு பக்கம் கிராமம். எங்க மாமியார் காலத்துல நெல்லு பத்தாயத்துல, உளுந்து பயறு குதிர்ல, புளி பானையில, வருஷ சாமான் எல்லாம் மாசி பங்குனி சித்திரைக்குள்ள வீட்டுக்குள்ள வந்தாகணும். ஏன் அந்த மாசம்னா அப்பதான் விளைச்சலும் வரும், வெயிலும் இருக்கும். நீ தை மாசத்துல கேக்கற, சரியான நேரம்.

புளியைச் சொல்றேன், அது ஒண்ணு சரியா வச்சா வருஷம் முழுக்கக் கவலை இல்லை. மாசிக் கடைசியில புதுப்புளி வரும். ஓடு நீக்கி, நார் உரிச்சு, கொட்டை தட்டி எடுத்துட்டு ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல போடு. கையில எடுத்தா பிசுபிசுப்பு குறைஞ்சு உருண்டை பிடிக்கிற பதம் இருக்கணும். மண்பானையோ பீங்கான் ஜாடியோ எடுத்து, அடியில ஒரு கை கல்லுப்பு, மேல ஒரு அடுக்கு புளி, திரும்ப உப்பு, இப்படி அமுக்கி அமுக்கி வை. நடுவுல காத்து இருக்கக் கூடாது. மேல உப்பு போட்டு வெள்ளைத் துணியால வாயைக் கட்டு. பித்தளை, அலுமினியம் கிட்டயே கொண்டு போகாதே, புளிப்பு உலோகத்தை அரிக்கும். ஆறு மாசத்துல கறுக்கும். பயப்படாதே, அது கெட்டது இல்லை, பழம்புளி. ரசத்துக்கு அதுதான் ருசி.

மிளகாயைக் காம்போட வை. காம்பு கிள்ளினா விதை வழியா பூச்சி நுழையும். தூளா அரைச்சு வைக்கிறது ரெண்டு மாசத்துக்கு மேல வேண்டாம், வாசனையும் போயிடும் நிறமும் போயிடும்.

துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய். ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, உள்ளங்கையில விட்டுப் பருப்பைப் பிசிறி வெயில்ல காட்டி ஆறவிட்டு எடுத்து வை. வேகும்போதும் நல்லாக் குழையும்.

#6 கரிசல்காட்டுப் பையன் | 21 ஜனவரி 2024

அம்மா சொன்னதோட எங்க ஊர் வழக்கம் ஒண்ணு. கோவில்பட்டி பக்கம் துவரையை உடைக்கிறதுக்கு முன்னாடி செம்மண் கட்டுவாங்க. ராத்திரி ஊறப்போட்டு, செம்மண் குழம்புல புரட்டி, குவிச்சு வச்சிருந்து, ரெண்டு மூணு நாள் வெயில்ல காயப்போடுவோம். காய்ஞ்ச துவரையை அப்படியே மூட்டை கட்டினா வருஷம் தாங்கும். தேவைப்படும்போது சலிச்சு, திருகையில உடைச்சு, புடைச்சுக்கலாம். அந்தப் பருப்பு வேகும்போது வர்ற மண்வாசனை கடைப் பருப்புல கிடைக்காது. அப்பத்தா திருகை சுத்தும்போது நாங்க எதிர்ல உட்கார்ந்து கைப்பிடியைச் சேர்ந்து பிடிப்போம், இப்பவும் அந்தக் கரகர சத்தம் காதுல இருக்கு.

பட்டணத்துல செம்மண்ணுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. ஊர்ல இருந்து மண் கட்டின துவரையே வாங்கிக்கலாம், சந்தையில கிடைக்கும்.

#7 புதுவரவு 88 | 22 ஜனவரி 2024

எங்க வீட்டுல போரிக் பவுடர் கலந்து வைப்போம், வண்டே வராது. அரிசி மூட்டைக்கு மருந்துக்கடையில ஒரு மாத்திரை கிடைக்கும், துணியில கட்டி உள்ள போட்டா போதும். எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

#8 அரிசிமண்டி செல்வம் | 22 ஜனவரி 2024

தம்பி, உங்க மேல கோபம் இல்ல, ஆனா இதைப் படிக்கிற யாரும் தயவுசெய்து செய்யாதீங்க.

அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காத்துல இருக்கிற ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு வரும். குடோன்ல தார்ப்பாய் போட்டு மூடி, பயிற்சி எடுத்தவங்க மட்டும் போட்டுட்டு, நாள் கணக்கா யாரையும் கிட்ட விட மாட்டோம். எலிக்குன்னு வீட்டுல வச்சு, பக்கத்து ரூம்ல தூங்கின குழந்தைங்க செத்துப் போன செய்தி எத்தனையோ வந்திருக்கு. மாற்று மருந்தும் கிடையாது.

போரிக் பவுடரும் சாப்பிடுற பொருள் இல்ல. கழுவினா முழுசாப் போயிடும்னு நம்பி பிள்ளைங்களுக்குப் போடாதீங்க.

#9 விதைநெல் | 22 ஜனவரி 2024

செல்வம் அண்ணன் சொன்னதை வழிமொழிகிறேன். நான் வேளாண்மை படித்தவன்.

மீனா அக்காவின் பச்சைப்பயறு கதைக்கு வருகிறேன். அது பயறு வண்டு. அரிசி வண்டு போல உள்ளே ஒளித்து வைக்காது, பயறின் தோல் மேலேயே முட்டை ஒட்டும். முழுப்பயறு வாங்கும்போது உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தோலில் வெள்ளையாகச் சின்னச் சின்னப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. அந்தச் சரக்கை வாங்க வேண்டாம். இந்த வண்டுக்கு முழுப்பயறுதான் பிடிக்கும், உடைத்த பருப்பில் அவ்வளவாகப் பெருகாது. ஆகவே நீண்ட நாள் இருப்புக்குப் பாசிப்பருப்பாகவே வாங்குங்கள், முழுப்பயறைக் குறைவாக வையுங்கள்.

எண்ணெய் புரட்டுவது வெறும் நம்பிக்கை இல்லை. வழவழப்பான தோலில் முட்டை ஒட்டாது, ஒட்டினாலும் எண்ணெய்ப் படலத்தில் மூச்சு முட்டிப் பொரியாது. வேப்பிலை போடுகிறவர்கள் நிழலில் சருகாகக் காயவைத்துப் போடுங்கள். பச்சை இலையில் இருக்கும் ஈரமே பூஞ்சணத்துக்கு வழி. வசம்பைத் துண்டாகத் துணியில் முடிந்து வைக்கலாம், தூளாக்கிக் கலக்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜ் இருப்பவர்களுக்கு: பயறு, ரவை, மைதாவை ஒரு கிலோ பொட்டலமாக நாலைந்து நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையும் செத்துவிடும். எடுத்தவுடன் பிரிக்காதீர்கள். பொட்டலம் அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு பொறியும் உண்டு. பொடிப்பொடியாக ஓட்டை போட்ட குழாய், அடியில் கூம்பு. தானியத்துக்குள் செங்குத்தாகச் செருகி வைத்தால் காற்றோட்டம் தேடிவரும் வண்டு ஓட்டை வழியே விழுந்து வெளியேற முடியாமல் மாட்டும். மருந்தே வேண்டாம். வாரம் ஒருமுறை கொட்டிப் பார்த்தால் உள்ளே வண்டு இருக்கிறதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். நிலக்கடலை, மிளகாய், சோளம் இவற்றில் பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் கண்டால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது, கல்லீரலைப் பாதிக்கும்.

#10 காவேரிக்கரை அம்மா | 22 ஜனவரி 2024

ரொம்ப நல்லா விளக்கினே தம்பி. வியர்க்கும்னு சொன்னியே, அதையே நான் வேற மாதிரி சொல்ல நினைச்சேன். வெயில்ல காய்ஞ்ச பருப்பைச் சூட்டோட டப்பாவுல போட்டு மூடிடுவாங்க. ராத்திரி குளிர்ந்ததும் மூடியோட உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்து நிக்கும். அது சொட்டின இடத்துல பூஞ்சணம் பிடிக்கும். காய்ஞ்ச சாமான் சாயங்காலம் நிழல்ல பரப்பிக் கிடக்கணும், கையை வச்சா ஜில்லுன்னு இருக்கணும், அப்புறம்தான் மூடணும். நான் கல்யாணமான புதுசுல இதைத் தெரியாம ஒரு தூக்கு உளுந்தைப் பாழாக்கினேன்.

#11 வடமராட்சியான் | 24 ஜனவரி 2024

இந்த இழையை இரண்டு நாளா வாசிச்சுக்கொண்டிருக்கிறன். யாழ்ப்பாணத்திலையிருந்து எழுதுறன்.

தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடை இருந்த காலம் எங்கட வீடுகளிலை இருப்புத்தான் உயிர். மண்ணெண்ணெய் இல்லை, சவுக்காரம் இல்லை, பற்றரி இல்லை. ஜாம் போத்தலுக்குள்ளை கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்திலைதான் நாங்கள் படிச்சது. அப்ப அம்மம்மாவின்ரை கையிலை இருந்தது பனை. பனங்கிழங்கைக் கிழிச்சுக் காயப்போட்டால் ஒடியல். அவிச்சுக் காயப்போட்டால் புழுக்கொடியல். இரண்டும் கல்லு மாதிரி இறுகிப் போகும். புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடை சப்பிக்கொண்டே ஒரு நேரப் பசியைப் போக்கலாம். ஒடியலை இடிச்சு மாவாக்கி, தண்ணியிலை ஊறவிட்டுக் காறல் போக வடிச்சுக் கூழ் காய்ச்சுறது. பனம்பழத்துச் சாறைப் பாயிலை ஊத்திக் காயவைச்சுப் பனாட்டு. எல்லாம் வெயில்தான் செய்தது, ஒரு சதம் செலவில்லை.

அரிசிமாவை வறுத்து வைச்சால் கன நாள் இருக்கும், பச்சை மா கெதியாய்ப் பழுதாகும். 2022இலை காஸ் சிலிண்டருக்கு வரிசையிலை நிண்ட நேரமும் எங்களுக்கு இந்தப் பழக்கம் கை கொடுத்தது. அதனாலை மீனா அக்கா, அடுப்பு எரியாட்டி என்னத்தைச் சாப்பிடலாம் எண்டு முதல் யோசியுங்கோ. பிறகு மிச்சத்தை வாங்குங்கோ.

#12 பொருநைத் தங்கம் | 25 ஜனவரி 2024

வடமராட்சி அண்ணாச்சி சொன்னது நூத்துக்கு நூறு. நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம்.

டிசம்பர் 17, 18ல எங்க பக்கம் பேய்ஞ்ச மழை எல்லாருக்கும் தெரியும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. தண்டவாளத்துக்கு அடியில மண்ணு அரிச்சுப் போயி செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்லயே நின்னுபோச்சு. சுமார் 800 பேர். ரோடு இல்ல, கரண்ட் இல்ல, போன் இல்ல. அப்போ பக்கத்துல புதுக்குடி ஊர்க்காரங்க அவங்கவங்க வீட்டுல இருந்த அரிசி பருப்பை எடுத்துட்டு வந்து சமைச்சுப் போட்டாங்க. அவங்க வீடும் வெள்ளத்துல மாட்டினதுதான். மாசத்துக்கு அஞ்சு கிலோன்னு வாங்குற வீடா இருந்தா அன்னைக்குக் கொடுக்க என்ன இருந்திருக்கும்?

எங்க வீட்டுல உடன்குடி கருப்பட்டி எப்பவும் இருக்கும். ஓலைப்பெட்டியில சுத்தி, அடுப்புக்குப் பக்கத்துல உயரமா தொங்கும். மழைக்காலத்துல கருப்பட்டி இளகும், அந்தச் சூட்டுல இளகாது.

#13 ஆறாம் மாடி | 25 ஜனவரி 2024

புதுக்குடி செய்தி அப்போ டிவியில பார்த்தேன். இப்படி யோசிக்கல. நான் சொன்னதுல பாதியை வாபஸ் வாங்கிக்கறேன். என் வீட்டுல மூணு மாசத்துக்கு இடம் இல்லங்கிறது மாறல. ஒரு வாரத்துக்கு மட்டும், அடுப்பு கரண்ட் ரெண்டும் இல்லாம, மூணு பேருக்கு என்ன வைக்கலாம்? நாலு வயசுப் பையன் இருக்கான்.

#14 பொருநைத் தங்கம் | 25 ஜனவரி 2024

அவல் ரெண்டு கிலோ, கெட்டி அவலா வாங்குங்க, ஊறினாலும் குழையாது. பொரிகடலை, வெல்லம், வறுத்து அரைச்ச சத்துமாவு, ரஸ்க், பேரீச்சம்பழம், ஊறுகாய், பால் பவுடர். பொரிகடலையையும் சர்க்கரையையும் கையிலயே நுணுக்கிக் கொடுத்தா பிள்ளை சாப்பிட்டுக்குவான். தண்ணியை மறந்துடாதீங்க, குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு லிட்டர் வச்சுக்கோங்க. புயல் சின்னம்னு செய்தி வந்த உடனே கேனை நிரப்பிடணும்.

அடுப்பு இருந்து கரண்ட் மட்டும் இல்லன்னா ரவை, சேமியா, பாசிப்பருப்பு. சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம். மூக்கடலை, ராஜ்மா மாதிரி குக்கர்ல அரை மணி நேரம் கத்துறதை அந்த வாரத்துக்கு எண்ணாதீங்க.

#15 கரிசல்காட்டுப் பையன் | 26 ஜனவரி 2024

சிறுதானியத்தை யாரும் சொல்லலையே. கேழ்வரகு ரொம்பப் பொடி மணி, அதுல வண்டு புகுந்து வளர இடமே இல்ல. வருஷக்கணக்கா இருக்கும். வரகைத் தோல் நீக்காம வச்சா அதுவும் அப்படித்தான், கோபுரக் கலசத்துல வரகு போட்டு வச்சு அடுத்த குடமுழுக்குக்கு மாத்துறது சும்மா இல்ல. ஆனா கம்பை மாவா அரைச்சு வச்சிடாதீங்க, சில நாள்லயே கசந்து போகும். மணியா வச்சு அப்பப்ப அரைங்க.

எண்ணெய்ல நல்லெண்ணெய்தான் ரொம்ப நாள் காறாது. கடலை எண்ணெயை இருட்டுல வைங்க. பழைய எண்ணெய் மிச்சம் இருக்கிற தூக்குல புதுசை ஊத்தக் கூடாது, அடியில இருக்கிற காறல் எல்லாத்தையும் கெடுத்துடும்.

#16 விதைநெல் | 26 ஜனவரி 2024

ஒரு எச்சரிக்கை மட்டும். பருப்பை ஆண்டுக்கணக்கில் வைத்தால் பூச்சி வராவிட்டாலும் வெக்கையிலும் ஈரத்திலும் இறுகிவிடும், எத்தனை விசில் விட்டாலும் வேகாது. பருப்புக்கு ஆறு மாத இருப்பே போதும். புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் இழுத்துவிடுங்கள். வெள்ளத் தண்ணீர் பட்ட தானியத்தைக் காயவைத்துச் சாப்பிட முயல வேண்டாம், மீனா அக்கா கொட்டியது சரிதான்.

#17 முடிச்சூர் மீனா | 28 ஏப்ரல் 2024

மூணு மாசம் கழிச்சு வரேன். எல்லாருக்கும் நன்றி சொல்லணும்.

முதல்ல ஒரு மாசம் எதையும் வாங்கல. அரிசி, பருப்பு, எண்ணெய் எது எப்ப பிரிச்சோம், எப்ப முடிஞ்சதுன்னு டப்பா மூடியில ஸ்கெட்ச் பேனாவால தேதி எழுதினேன். நான் நினைச்சிருந்த கணக்கு எல்லாமே தப்பு. துவரம்பருப்பு மாசத்துக்கு நாலு கிலோன்னு நினைச்சேன், மூணுகூட ஆகல. புளி முக்கால் கிலோ. கொண்டைக்கடலை எங்க வீட்டுல யாருக்குமே பிடிக்கல, அது மூணு மாசமா அப்படியே இருந்தது. அதை இனி வாங்கறதா இல்ல.

ஒரே பெரிய டிரம் வாங்கலாம்னு இருந்தேன், வாங்கல. அஞ்சு கிலோ பிடிக்கிற மூடி போட்ட வாளி ஒன்பது. ஒண்ணுல வண்டு விழுந்தாலும் மத்தது தப்பிக்கும், தண்ணி வந்தா மாமியாரே கூட ஒவ்வொண்ணாத் தூக்கி நீட்ட முடியும். எல்லாம் பரண்ல. கீழ்த்தட்டுல இனி பாத்திரம் மட்டும்தான். ஒரு மஞ்சள் வாளி தனி, அதுல அவல், சத்துமாவு, பொரிகடலை, வெல்லம், பால் பவுடர், தீப்பெட்டி, மெழுகுவத்தி. அதை யாரும் தொடக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன். ஆறு மாசத்துக்கு ஒருமுறை அதைச் சாப்பிட்டு முடிச்சுட்டு புதுசு வைக்கணும்.

கரிசல் தம்பி சொன்ன மண் கட்டின துவரை பத்து கிலோ, ஊருக்குப் போனவங்க மூலமா வந்தது. திருகை இல்ல, கொஞ்சம் கொஞ்சமா மில்லுல உடைச்சுக்கறோம்.

புளிதான் பெரிய வேலை. பங்குனியில பத்து கிலோ வாங்கினோம். மாமனார் தரையில உட்கார முடியாது, நாற்காலியில உட்கார்ந்து மடியில முறத்தை வச்சுக்கிட்டு நார் உரிச்சாரு. மாமியாரும் பெரியவளும் கொட்டை தட்டினாங்க. மொட்டைமாடியில மூணு நாள் வெயில். காவேரிக்கரை அம்மா, நீங்க சொன்ன மாதிரியே ஜாடியில உப்பு அடுக்கி அமுக்கியிருக்கோம். ஒரே ஒரு சந்தேகம். நாலாவது நாள் பார்த்தா மேல உப்பு லேசா கசிஞ்சு ஈரமா இருக்கு. திரும்ப வெயில்ல போடணுமா?

#18 காவேரிக்கரை அம்மா | 28 ஏப்ரல் 2024

போட வேண்டாம் கண்ணு. கல்லுப்பு புளியோட ஈரத்தை இழுக்குது, அப்படித்தான் கசியும். மேல இன்னும் ஒரு கை காய்ஞ்ச உப்பைத் தூவி, துணியை மாத்திக் கட்டு. எடுக்கும்போது ஈரக்கை படாம, காய்ஞ்ச மரக்கரண்டியால எடு. ஆடியில ஒருதரம் திறந்து பார்த்துட்டு எனக்கு எழுது.